நான்கு சாம்பல் அட்டைகள்

கோவில்பதாகை
6 பிப்ரவரி 2025

மாமா,

போனில் பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பேசினால் சண்டையில் முடிகிறது. அங்கே ராணுவ டாங்கியை ஓட்டிப் பார்க்கும் சோதனைத் திடலுக்குள் போனைக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அதனால் கடிதம். என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நிறத்தைப் போனில் அனுப்ப முடியவில்லை. நான்கு படம் எடுத்தேன். நான்கும் ஒன்றாகத் தெரிந்தன.

உள்ளே நான்கு அட்டைகள் இருக்கும். வல்லியின் சார்ட் அட்டையை வெட்டி நானே பூசிக் காயவைத்தவை. பின்னால் அ, ஆ, இ, ஈ என்று எழுதியிருக்கிறேன். நான்கும் கருஞ்சாம்பல். கடையில் இவற்றுக்கு மலை, இரும்பு, புயல் என்றெல்லாம் இங்கிலீஷில் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்தால் பெயரைத்தான் பார்ப்பீர்கள். எழுதவில்லை.

வல்லியின் அறைக்கு.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். மீதியை எழுதுகிறேன். கண்ணுக்குள் இரண்டு வகை செல்கள். பகலுக்கும் நிறத்துக்கும் ஒன்று. மங்கிய நேரத்துக்கு இன்னொன்று. நம் பெண்ணுக்கு இரண்டாவது மட்டும்தான் வேலை செய்கிறது. நிறம் என்பது அவளுக்கு இல்லை. பகல் என்பது, முகத்துக்கு நேராக யாரோ டார்ச் அடித்துக்கொண்டே இருப்பது. ஆறு வருஷமாக. நாம் அவளைக் கூச்ச சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கறுப்புக் கண்ணாடி வந்துவிட்டது. அது வெளியே போக. வீட்டுக்குள் ஓர் இடத்திலாவது அவள் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும். திரை போட்டு மூடிவிடலாம்தான். அது இருட்டறை. எனக்கு வேண்டியது ஜன்னல் திறந்த அறை. வெயில் உள்ளே வரட்டும். சுவர் அதைத் திருப்பி அவள்மேல் வீசக் கூடாது. பளபளப்பில்லாத, ஆழமான சாம்பல். டாக்டர் சொன்ன யோசனைதான்.

பங்குனி வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும். எதை அடிப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். இதை நான் மட்டும் முடிவு செய்ய விரும்பவில்லை.

கனிமொழி


ராஜஸ்தான்
15 பிப்ரவரி 2025

கனி,

அட்டைகள் வந்தன. உறைக்குள் மணலும் வந்திருந்தது.

நாங்கள் டாங்கியின் உள்பக்கத்துக்கு என்ன நிறம் அடிக்கிறோம் தெரியுமா? வெள்ளை. வெளியே மண் நிறம், உள்ளே வெள்ளை. ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டி அது. உள்ளே உட்காருபவனுக்கு இருக்கிற வெளிச்சமாவது மிஞ்சட்டும் என்று. நீ ஒரு குழந்தையின் அறைக்கு அதற்கு நேர்மாறாகக் கேட்கிறாய்.

அட்டைகளைப் பற்றி: அ, ஈ இரண்டும் ஒன்று. ஒரே டப்பாவில் இரண்டு முறை தோய்த்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஆ நீலம் அடிக்கிறது. இ பழுப்பு. எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு டாக்டரைப் பார்க்கலாம். ஆறு வயசுதானே. வளர வளரச் சரியாகும் என்று அம்மாவும் சொல்கிறாள். சுவரைக் கறுப்பாக்கிவிட்டால் இது மாறவே மாறாது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி.

இங்கே மத்தியானத்தில் எதையும் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. மற்றபடி நலம்.

ஜெகதீஷ்


கோவில்பதாகை
23 பிப்ரவரி 2025

மாமா,

மாறவே மாறாது. வேறு டாக்டரையும் பார்த்துவிட்டேன். தனியாகப் போனேன். அவரும் அதே படத்தைப் போட்டார்.

மேலே ஒரு வட்டம், நம் தாத்தா. அதற்குக் கீழே இரண்டு. ஒன்று உங்கள் அம்மா. இன்னொன்று என் அப்பா. அவர்களுக்குக் கீழே நீங்களும் நானும். தாத்தாவிடமிருந்து இரண்டு கோடுகள் பிரிந்து இறங்கின. "சொந்தத்துலயா கல்யாணம்?" என்று இவரும் கேட்டார். அத்தை பையன் என்றேன்.

முதல் டாக்டர் இதைக் கேட்டபோதுதான் நீங்கள் எழுந்து போனீர்கள். பிறகு பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னீர்கள். "நமக்குக் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது." வல்லி என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், வெயிலுக்காக. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மறுவாரம் பாலைவனச் சோதனைக்கு நீங்களே பெயர் கொடுத்தீர்கள்.

அந்த வாக்கியத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதிலும் சொல்லப்போவதில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அ-வும் ஈ-யும் ஒன்றல்ல. கடையில் போய்க் கேட்டேன். பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்கு எதிரே, முகமது ஆசிக் பாய் கடை. நிறம் கலக்கும் மிஷின் அங்கேதான் இருக்கிறது.

"இன்னா மேடம், மறுபடியும் வந்துகினு கீறீங்க? நாலும் ஒரே வயித்துல பொறந்தா மாதிரி கீது. எதுனா ஒண்ண எடுத்துக்கினு போங்களேன்."

"இதுவும் இதுவும் ஒண்ணா பாய்?"

"வேறதான். இதுல கறுப்பு கொஞ்சூண்டு ஜாஸ்தி. மிஷின் சொல்லுது. என் கண்ணு சொல்லல."

பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஷட்டருக்கா அண்ணாத்தே?"

"கொயந்த ரூமுக்காம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தார். மிஷின் மட்டும் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கோபி என்று ஒரு பெயிண்டர் வந்தார். அறைச் சுவரில் நான்கையும் ஆளுயரக் கட்டங்களாக அடித்துக் காட்டச் சொன்னேன். "ஊட்டுக்குள்ள தியேட்டர் கட்றீங்களாக்கா? மொத டிக்கெட்டு எனக்குத்தான்" என்றார். சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்தது.

பகலெல்லாம் அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் என்றால் ஒன்றுமில்லாத நிறம் என்று நினைத்திருந்தேன். காலையில் ஆ மட்டும் ஈரமாக இருப்பது போலத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெயில் ஏறியதும் இ-யின் உள்ளே எங்கோ சிவப்பு எழுந்தது, எருமையின் முதுகில் வெயில் பட்டால் தெரியுமே, அது. எதிர் பிளாட்டில் யாரோ பச்சைப் புடவையைக் காயப்போட்டார்கள். நான்கு கட்டமும் லேசாகப் பச்சையாயின. புடவையை எடுத்ததும் திரும்பின. விமானப்படை நிலையத்திலிருந்து ஒரு விமானம் தாழப் பறந்தது. அதன் நிழல் ஜன்னலைக் கடந்தபோது சுவர் ஒரு கணம் மூச்சு விட்டது.

இவ்வளவும் இங்கேயே நடந்துகொண்டிருக்கிறது. நாம் வெள்ளைச் சுவர் வைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்கவில்லை.

அத்தை வந்திருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "சுடுகாட்டுச் சாம்பலையா செவுத்துல பூசப் போற?" நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு ஆ-வா இ-யா என்று குழப்பம். நீலம் குளிர்ச்சி. ஆனால் ஒரு குழந்தையை நாள் முழுக்கக் குளிர்ச்சியில் வைக்கலாமா? பழுப்பு மடியில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் சில நேரம் அழுக்காகத் தெரிகிறது. தூக்கத்திலும் இதுதான்.

ஒன்றைச் சொல்லுங்கள்.

கனிமொழி


ராஜஸ்தான்
5 மார்ச் 2025

கனி,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அட்டைகளும் அதோடு. மத்தியானம் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மணல் கீழிருந்து அடிக்கிறது, வானம் மேலிருந்து. என் கூலிங் கிளாஸையும் யாரோ மிதித்துவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். யாரோ கூப்பிட்டார்கள், நிமிர்ந்தேன், முகம் தெரியவில்லை. குரலை வைத்து ஜஸ்டின் என்று தெரிந்தது. அப்போது எனக்கு வல்லி ஞாபகம் வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டேன்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் இதையெல்லாம் எழுதிப் பழகியவன் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

விடிவதற்கு முன்பே வண்டியிடம் போய்விட்டோம். வெளிச்சம் வந்தால்தான் சோதனை ஓட்டம். சும்மா நின்றேன். வானத்தின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. அட்டைகளை எடுத்து டாங்கியின் முன்தகட்டில் பரப்பினேன். பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் படித்திருக்க முடியாது.

ஜஸ்டின் அம்பத்தூர்க்காரன், வண்டி ஓட்டுபவன். "இன்னா மாமே, காலங்காத்தால சீட்டு ஆடிக்கினு கீறே?"

"இதுல எது எது ஒண்ணு சொல்லு."

குனிந்து பார்த்தான். "இது ரெண்டும் ஒண்ணு. இது வேற. இது அத்தவிட கறுப்பு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒன்றாக இருந்த இரண்டை இடது பக்கம் வைத்தேன். வேறாக இருந்த இரண்டை வலது பக்கம். பறக்காமல் இருக்க மேலே நட்டுகளை வைத்தேன். இடது பக்கம் இருப்பது அ-வும் ஈ-யும், நீ இரண்டு முறை தோய்த்தது, என்றுதான் நினைத்தேன்.

பிறகு வெளிச்சம் வந்தது.

இடது பக்க அட்டைகளில் ஒன்று நீலமாயிற்று. என் கண் முன்னால், கனி. நான் கையை எடுக்கவில்லை, யாரும் தொடவில்லை. அதன் பக்கத்தில் இருந்தது பழுப்பாயிற்று. வலது பக்கம் நன்றாக வேறு வேறாக இருந்த இரண்டும் மெல்ல ஒன்றாகி, நான் எவ்வளவு முறைத்தாலும் பிரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். இடது: ஆ, இ. வலது: அ, ஈ.

"டேய், இன்னாடா பண்ண?" என்றான் ஜஸ்டின். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

தலையைத் தூக்கினேன். திடலின் எல்லையில் ஒரு கொடி உண்டு. குண்டு சுடும் நாளில் ஏற்றுவது, நல்ல சிவப்பு. அது கறுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பிலிருந்து சிவப்பு கசிந்து வந்தது. தண்ணீர் டிரம் நீலமானது. கடைசியில் ஜஸ்டினின் கையில் இருந்த பழைய ராக்கிக் கயிறு மஞ்சளானது. அவை வந்த பிறகுதான், அதுவரை அவை இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

தினமும் இந்த நேரத்தில் இங்கேதான் நிற்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

மங்கிய நேரத்துக்கான செல்கள் என்று எழுதியிருந்தாயே. நமக்கும் அவைதான் அந்த நேரத்தில். அப்படியென்றால், அந்தக் கொஞ்ச நேரம், நான் அவளுடைய கண்ணால் பார்த்தேன். இது சரிதானா? யாரிடமாவது கேட்டுச் சொல். நான் கேட்காமலே நம்புகிறேன்.

நிறம் இல்லையென்றால் அவளுக்கு எதுவும் இல்லை என்று நினைத்தேன். அது இல்லாமை இல்லை. அங்கே நம்முடைய அ-வும் ஈ-யும் பிரிந்து நிற்கின்றன.

டாக்டர் போட்ட படத்தில் இரண்டு கோடுகள் இறங்கின. நான் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். அவை சேரும் இடத்தில் வல்லி இருந்திருப்பாள். பஸ் ஸ்டாண்டில் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவளிடமும் இதை நீ சொல். இல்லை, வேண்டாம். நானே சொல்கிறேன்.

நிறத்தை நான் தேர்ந்தெடுக்க முடியாது. நீயும் முடியாது என்று நினைக்கிறேன். அவளிடம் கேள்.

ஜெகதீஷ்


கோவில்பதாகை
6 மார்ச் 2025

மாமா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு நானே முடிவு செய்யலாம் என்றிருந்தேன். இன்று முடிவு வேறு இடத்தில் ஆகிவிட்டது. உடனே எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

சாயங்காலம். விளக்கு போடவில்லை. அந்த நேரத்தில்தான் வல்லி வீடு முழுக்க ஓடுவாள், உங்களுக்குத் தெரியும். பெயிண்ட் வாடைக்காக அவளை விடாமல் வைத்திருந்த அறைக்குள் இன்றுதான் ஓடி வந்தவள், சுவர் முன்னால் நின்றாள். மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்குப் போய்ப் பார்த்தாள்.

"ஏம்மா ஒரே கலர ரெண்டு வாட்டி அடிச்சி வச்சிருக்க?"

அ-வையும் ஈ-யையும் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையை வைத்தது ஆ-விலும் இ-யிலும்.

"அது ரெண்டும் வேறடி. இது நீலம் மாதிரி. இது பழுப்பு மாதிரி."

"மாதிரின்னா?"

அவள் விரலைப் பிடித்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன்.

"அப்ப இதுவும் இதுவும்?" என்று அ-வையும் ஈ-யையும் காட்டினேன்.

"அது வேற வேற. தெரியல உனக்கு?"

என்னிடம் இன்னொரு செட் அட்டைகள் இருந்தன. கலைத்துப் போட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கிப் பார்த்து, வெளுப்பிலிருந்து கறுப்புக்கு அடுக்கினாள். திருப்பினேன். மறுபடி கலைத்தேன். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கலைத்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பிறகு என்னை அடுக்கச் சொன்னாள். நான் அ-வையும் ஈ-யையும் மாற்றி வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அம்மா, உன்னதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

நீலமா பழுப்பா என்று நான் வாரக்கணக்காகத் தூங்கவில்லை. அவளுக்கு நிறம் கிடையாது என்று உங்களுக்கு எழுதியவளே நான்தான். எழுதிவிட்டு, அவளுக்கு இல்லவே இல்லாத இரண்டு நிறங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு இருந்த வித்தியாசம் என் கையில் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

எது வேண்டும் என்று கேட்டேன். ஈ-யைக் காட்டினாள்.

"ஏன்?"

"இதுலதான் கண்ணு போய் உக்காந்துக்குது. மத்ததெல்லாம் எழுப்பி உட்டுடுது."

மாமா, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக என் இடுப்பில் இருந்தவள். நான் நுழையவே முடியாத ஓர் இடத்திலிருந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆசிக் பாயிடம் சொல்லிவிட்டேன். ஈ.

கனிமொழி


கோவில்பதாகை
17 மார்ச் 2025

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. ஐந்தாம் தேதி எழுதியிருக்கிறீர்கள். நான் ஆறாம் தேதி எழுதியது அப்போது உங்களிடம் இல்லை. இடது பக்கம் ஆ, இ. வலது பக்கம் அ, ஈ. அந்த இடத்திலேயே கடிதத்தை மடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் நடந்தேன். மறுபடி பிரித்தேன். அப்படியேதான் இருந்தது.

டாக்டரிடம் போனில் கேட்டேன். சரிதான் என்றார். "உங்க ஹஸ்பெண்ட் சயின்ஸ் டீச்சரா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் சொன்னதைப் பற்றிய உங்கள் வரிகளைப் படித்தேன். அதற்கு என் பதில் இன்னும் தயாராகவில்லை. ஆனால் நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

கோபி முடித்துவிட்டார். முதல் கோட்டு அடிக்கும் முன் மூலையில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். "கலரு எதுவா இருந்தா இன்னாக்கா, உள்ள மங்களகரமா இருக்கட்டும்" என்று சொல்லி அதன்மேலேயே அடித்தார். "கை வச்சா தடம் தெரியும், பாத்துக்கோங்க." தெரியட்டும் என்றேன்.

வாடை போகும்வரை அவளை விடவில்லை. நேற்று மத்தியானம். உச்சி வெயில். ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. அவளை உள்ளே அனுப்பினேன். நடு அறையில் நின்றாள். தலை குனிந்தே இருந்தது. கண்ணாடியைத் தானாகவே கழற்றினாள். இமைகள் வழக்கம்போல இறுகின. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கண். பிறகு இன்னொன்று. பாதி. முக்கால்.

எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கண்மணிகள் அடங்கின. நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. நெற்றி இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. பகலில் அவள் கண்களை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை, மாமா. உங்கள் கண். ஓரத்தில் கொஞ்சம் கீழே இறங்குமே, அது.

சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலை! அங்கே வேப்ப மரம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம் வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, பகல்ல உன் மூஞ்சில இவ்ளோ இருக்கா?"

எல்லாவற்றையும் விரலால் தொட்டாள். மூக்குத்தி. புருவத்துத் தழும்பு. கழுத்து மடிப்பு. நான் அழுதபோது அதையும் அருகில் வந்து பார்த்தாள், எங்கிருந்து வருகிறது என்று.

அத்தை வாசற்படியிலேயே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

கனிமொழி


ராஜஸ்தான்
26 மார்ச் 2025

கனி,

இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்து வந்தன. ஜஸ்டினிடம் ஆறாம் தேதி எழுதியதைப் படித்துக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை.

உன் பதில் தயாராக வேண்டாம். அவசரமில்லை.

லீவு கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை பகலில் வண்டி சென்னை வரும். அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வராதே. அந்த வெயிலில் நான் அவளுக்கு ஒரு குரல்தான். பெட்டியை ஹாலில் வைத்துவிட்டு நேராக அறைக்கு வருகிறேன். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இப்போதே ஷேவ் செய்துகொண்டேன். "இன்னா மாமே, மாப்ளயாட்டம் மினுக்கிக்கினு கீறே" என்று ஜஸ்டின் கிண்டல் செய்கிறான். செய்யட்டும்.

என் முகத்தைப் பகலில் அவள் இதுவரை பார்த்ததில்லை என்பது நேற்றுதான் உறைத்தது. கண்ணாடி முன்னால் நின்று, அவள் எதையெல்லாம் தொடுவாள் என்று யோசித்தேன். தாடையில் ஒரு வெட்டு இருக்கிறது. காதோரம் நரைத்திருக்கிறது. அவளுக்கு அதில் எத்தனை சாம்பல் தெரியுமோ.

அவள் கிட்டே வரும்வரை நான் பேசமாட்டேன். முதலில் பார்க்கட்டும்.

ஜெகதீஷ்